தேனீக்காரர் 120 பேருக்கு வீட்டிலேயே சர்வர்: எந்தப் பெட்டி வாங்க?

மே 4, அருமனையிலிருந்து வந்த கேள்வி

எங்கள் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர்கள் 120 பேர் ஒரு வாட்ஸாப் குழுவில் இருக்கிறோம். கேட்ட கேள்வியையே மாதம் நாலு தரம் கேட்கிறார்கள். 1992 வாக்கில் தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்ற தேனீப் புழு நோய் வந்து கூடு கூடாகக் காலியான கதையை ஒரு பெரியவர் குரலில் சொல்லிப் போட்டிருந்தார். அதைத் தேடி அரை நாள் போனது, கிடைக்கவில்லை. எங்களுக்கென்று ஒரு தளம் வேண்டும், என் வீட்டிலேயே ஓட வேண்டும். படம் நிறைய வரும். ராஸ்பெர்ரி பை 5 என்ற உள்ளங்கை அளவுக் கணினி போதும் என்கிறான் சித்தப்பா மகன். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, வீட்டில் ஃபைபர் லைன் இருக்கிறது. பை போதுமா அண்ணாச்சி?

மே 4, இரவு

போதும். ஆனால் வாங்காதே தம்பி.

120 பேர் என்றால் 120 பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கப் போவதில்லை. தக்கலையில் நான் நடத்துகிற வாசிப்பு வட்டத்தில் 62 பேர். நாலு வருடத்தில் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் அதிகபட்சம் 9. டிஸ்கோர்ஸ் என்ற கலந்துரையாடல் தள மென்பொருள் 1 ஜிபி ராமில் ஸ்வாப் (டிஸ்க்கில் கொஞ்சம் இடத்தை ராம் மாதிரி பயன்படுத்துவது) வைத்தால் ஓடும் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். 4 இருந்தால் நிம்மதி, 8 இருந்தால் அதைப் பற்றி மறந்தே விடலாம். வேகம் உன் கவலையே இல்லை.

பை 5-இல் என்ன பிரச்சினை என்றால் அது தனியாக வருவதில்லை. 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் அதற்கென்றே வாங்க வேண்டும். அப்புறம் ஃபேன், டப்பா, எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) மாட்ட ஒரு தட்டு, எஸ்எஸ்டி. கூட்டிப் பார். அந்தக் காசுக்கு அலுவலகங்களில் கழித்துப் போட்ட ஒரு லிட்டர் மினி பெட்டி கிடைக்கும். திங்க்சென்டர் எம்710க்யூ, ஆப்டிப்ளெக்ஸ் 3050 மைக்ரோ, எலைட்டெஸ்க் 800 ஜி3 மினி, இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி. உள்ளே ஐ5-6500டி சிப், 4 கோர். நான் 9,500 கொடுத்தேன். கூட வந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு 480 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன்.

மே 5

ஏன் பை மேல் இவ்வளவு கோபம் என்று ஒருவர் கேட்கிறார். கோபம் இல்லை, பழைய கணக்கு. முதலில் நானும் பை 4-இல்தான் ஆரம்பித்தேன். "ஒரு பை வாங்கணும், அஞ்சாயிரம்" என்றதும் அம்மா, "அஞ்சாயிரத்துக்குப் பையா? உள்ள என்ன மக்களே வைக்கப் போற?" என்று கேட்டாள்.

எஸ்டி கார்டில் எல்லாவற்றையும் வைத்தேன். டேட்டாபேஸ் என்பது நிமிடத்துக்கு நிமிடம் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். போட்டோ எடுத்து வைக்கிற கார்டு அதற்கானது இல்லை. ஏழாவது மாதம் ஒரு நாள் எல்லாரும் படிக்க முடிகிறது, யாராலும் எழுத முடியவில்லை. கார்டு தன்னைப் பூட்டிக்கொண்டது. இரண்டு நாள், வாசிப்பு வட்டம் நிஜமாகவே வாசிப்பு வட்டமாக இருந்தது.

எஸ்எஸ்டியில் ஓட்டினால் பை நல்ல பொருள்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மே 5, மதியம்

கரண்ட் கணக்கு கேட்டவருக்கு. என் மினி சும்மா இருக்கும்போது சுவரில் 12 வாட் காட்டுகிறது. மாதம் சுமார் 8.6 யூனிட். மூலையில் கிடக்கிற பழைய டவர் கணினி 65 வாட், மாதம் 47 யூனிட். 100 யூனிட் இலவசத்தில் பாதிகூட வராது, அதனால் டவர் இருந்தால் டவரே போதும்.

மே 6

மேலே உள்ளதில் கடைசி வரியை அடித்துவிடுங்கள். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். 100 யூனிட் இலவசமும் இரண்டு மாதத்துக்குத்தான். டவர் இரண்டு மாதத்துக்கு 94 யூனிட் தின்னும். அதாவது இலவசம் முழுவதையும் அது சாப்பிட்டுவிட்டு, உங்கள் மிக்ஸியும் ஃபேனும் காசு கொடுக்கும். மினி 17 யூனிட். பை 5 என்றால் 6 யூனிட் வரலாம். இருபத்திரண்டு வருடமாக ஈபி பில் கட்டுகிற மனுஷன் இதைத் தப்பாக எழுதியிருக்கிறேன்.

மே 7

திங்கள்சந்தை நண்பர் சொல்வது நல்ல யோசனை: திரை உடைந்த பழைய லேப்டாப். மின்சாரம் குறைவு, பேட்டரியே யூபிஎஸ், காசு பூஜ்யம். தம்பி, வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் எதுவும் வாங்காதே.

மே 9

திரும்பவும் வாபஸ். நேற்று பரணிலிருந்து என் பழைய லேப்டாப்பை இறக்கினேன். டச்பேட் பூரி மாதிரி உப்பி நிற்கிறது. மூடினால் மூடவில்லை. ராப்பகலாக சார்ஜரில் கிடந்து, சூட்டிலும் இருந்தால் லித்தியம் பேட்டரி இப்படித்தான் ஆகும். ஓட்டுவது என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். சில மாடல்களில் 60 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி பயாஸில் (கணினி எழும்போதே நுழைகிற அடிப்படை அமைப்பில்) வைக்கலாம். பேட்டரியைக் கழற்றினால் யூபிஎஸ்ஸும் போச்சு, யோசனையின் பாதியும் போச்சு. உப்பினதை யாரும் ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள். கேட்டார் ஒருவர், அதனால் சொல்கிறேன்.

மே 18

நான்தான் முட்டாள். இரண்டு வாரமாகப் பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், லைனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

தம்பி, உன் ரவுட்டருக்குள் போய் வேன் ஐபி (லைன்காரர் உன் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன என்று பார். அப்புறம் வெளியே ஒரு தளத்தில் உன் ஐபி என்ன காட்டுகிறது என்று பார். இரண்டும் வேறு வேறு என்றால், அதிலும் முதலாவது 100.64-இலிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால், நீ சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறாய். ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காம்பவுண்டுக்குள் இருபது வீடு, வாசலில் ஒரே கதவு எண் என்று வைத்துக்கொள். தபால்காரன் யாரைத் தேடுவான்? நீ ரவுட்டரில் எத்தனை போர்ட் (உள்ளே வரும் வாசல்) திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது.

வழி மூன்று. மாதக் காசு கட்டி பப்ளிக் ஐபி வாங்குவது. தந்தால் நல்லது, எனக்குத் தரவில்லை. இரண்டாவது கிளவுட்ஃபிளேர் டன்னல், அந்த நிறுவனத்தின் வாசல் வழியாக ஆட்களை உள்ளே விடுவது. காசு இல்லை, அரை மணி நேர வேலை. ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது, போகிற வருகிற தகவலின் பூட்டைத் திறப்பதும் அவர்கள் கையில். மூன்றாவது நான் செய்தது. வெளியே ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்), 1 ஜிபி ராம் போதும். அதற்கும் வீட்டுப் பெட்டிக்கும் இடையே வயர்கார்டு என்ற பூட்டிய சுரங்கவழி. ஆட்கள் விபிஎஸ்ஸின் வாசலைத் தட்டுவார்கள், அது உள்ளே அனுப்பும். வீட்டுப் பக்கம் கீப்அலைவ், அதாவது 'இருக்கிறேன்' என்று அனுப்பும் செய்தி, 25 விநாடிக்கு ஒரு தரம் என்று வை. இல்லாவிட்டால் நடுவில் இருக்கிற நாட் (முகவரியைப் பங்குபோடும் பெட்டி) வழியை மறந்துவிடும்.

விபிஎஸ் வாங்கினால் தளத்தையே அதில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். தினம் 30 படம், ஒன்று 4 எம்பி என்றால் வருடத்துக்கு 43 ஜிபி. அந்த அளவுக்கு இடமுள்ள விபிஎஸ் வாடகை ஏறிக்கொண்டே போகும், வீட்டு எஸ்எஸ்டிக்கு ஒரே தடவை காசு. (படத்தை 1600 பிக்சலுக்குச் சுருக்கினால் 4 ஜிபியில் நிற்கும். அப்போது இந்த வாதம் பலவீனமாகிவிடுகிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.)

மெயில் சர்வரை மட்டும் வீட்டில் வைக்காதே. 25-ஆம் போர்ட் பெரும்பாலும் அடைத்திருக்கும், திறந்திருந்தாலும் வீட்டு ஐபியிலிருந்து போகிற கடிதம் ஸ்பாமுக்குத்தான் போகும். அஞ்சலை நமக்காக அனுப்பித் தரும் ஒரு ரிலே சேவை, 587 போர்ட். விஷயம் முடிந்தது.

ஜூன் 2

மழை ஆரம்பித்துவிட்டது. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை, தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கரண்ட் போவதற்கும் இரண்டு பருவம்.

எனக்கு நடந்தது. வள்ளியூரில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறேன், தளம் விழுந்துவிட்டது என்று நாலு பேர் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, ஷெல்ஃபுல ஒரு கறுப்புப் பெட்டி இருக்குல்லா, அதுல வட்டமா ஒரு பொத்தான்…"

"எந்தப் பெட்டி மக்களே? லைட்டு மினுங்கிட்டு இருக்கதா?"

"அது ரவுட்டர். அதத் தொடாத."

"தொட்டுட்டேனே."

பயாஸில் 'கரண்ட் வந்ததும் தானே எழு' என்று வைத்திருந்தேன். நிச்சயமாக வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த அமைப்பே அழிந்திருக்கிறது, தேதி 2015-இல் நிற்கிறது. உள்ளே காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 பேட்டரி செத்துப்போயிருந்தது. கழித்துப் போட்ட பெட்டி, அதன் வயது அந்தப் பேட்டரிக்கும் உண்டு. தேதி தப்பாக இருந்ததால் பாதுகாப்புச் சான்றிதழ் எதையும் அது நம்பவில்லை, கையால் எழுப்பியும் வேலைக்கு ஆகவில்லை. முப்பது ரூபாய்ப் பொருள். பழைய மினி வாங்கினால் வந்த அன்றைக்கே அதை மாற்றிவிடு. அப்புறம் நீயே பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகி, கையைக் கட்டிக்கொண்டு நில். தானே எழுந்து, ஐந்து நிமிடத்தில் போனில் தளம் திறக்கிறதா? திறந்தால்தான் அது சர்வர்.

ஜூன் 3

இன்வெர்ட்டர் இருக்கிறதே, யூபிஎஸ் எதற்கு என்பவருக்கு: நானும் அப்படித்தான் நினைத்தேன். கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் 'டக்' என்று மாறுகிற அந்தக் கண் சிமிட்டலில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, கணினி விழுந்து எழும். பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோடுக்குத் தள்ளினால் வேகமாக மாறும். தள்ளினேன், விழுவது நின்றது. ஆனால் அந்த மோடில் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குத் தாவிவிடும். எங்கள் தெருவில் சாயங்காலம் ஏழு மணிக்கு 175. தினமும் இரண்டு மணி நேரம் பேட்டரி வெந்தது. இப்போது இன்வெர்ட்டர் பழைய மோடில், மினிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் தனியாக ஒரு 600 விஏ யூபிஎஸ். அசிங்கம்தான், ஓடுகிறது.

ஜூன் 5

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தது. மே 4-இல் சொன்னதில் ஒரு ஓட்டை. பழைய மினிகள் 19, 20 வோல்ட் கேட்கும். ரவுட்டருக்கு விற்கிற 12 வோல்ட் குட்டி யூபிஎஸ்ஸில் அவை ஓடாது. இன்டெல் என்100 போட்ட புதுக் குட்டிப் பெட்டிகள் பலவும் 12 வோல்ட். 4 கோர், சிப்பின் வெப்ப அளவு (டிடிபி) 6 வாட்தான், வேலைக்கு ஐ5-6500டிக்குக் குறைவில்லை. பெட்டியும் ரவுட்டரும் இரண்டு 12 வோல்ட் குட்டி யூபிஎஸ்ஸில் நின்றால் இன்வெர்ட்டரே வேண்டாம், 230-க்கு ஏற்றித் திரும்ப 12-க்கு இறக்குகிற வீண்செலவும் இல்லை. இன்றைக்கு நான் வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். அடாப்டர் மேல் எழுதியிருக்கிற ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

தம்பி ஏற்கெனவே மினிக்கு முன்பணம் கொடுத்துவிட்டானாம். சரி, விடு. அதுவும் கெட்டுப்போகாது.

ஜூன் 11

குளச்சல்காரர் சொல்கிறார், கடற்கரையிலிருந்து முந்நூறு மீட்டரில் வீடு, லேன் முனைகள் ஒரு வருடத்தில் பச்சை பூத்துவிடுகின்றனவாம். உப்புக் காற்றுக்கு ஃபேன் இல்லாத பெட்டிதான் நல்லது. ஃபேன் என்பது அந்தக் காற்றை உள்ளே இழுத்துத் தருகிற கருவி. மலைப்பக்கம் உப்பு இல்லை, ஈரம் உண்டு. ஓடிக்கொண்டே இருக்கிற பெட்டி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். மழையில் பத்து நாள் அணைத்து வைத்துவிட்டுப் போடுகிறீர்களே, அப்போதுதான் போகும்.

பெட்டிக்குள் எறும்பு என்று சொன்னவருக்கு: எனக்கும் வந்தது. பல்லி வந்தது, ஒன்று டவரின் பவர் சப்ளைக்குள் போய்த் தானும் செத்து அதையும் கொன்றது. இடி: ஃபைபரில் மின்னல் ஏறாது, ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக ஏறும். வாசலில் மாட்டின கேமராவின் லேன் வயர் வழியாகவும் ஏறும். என் சுவிட்ச் ஒன்று அந்த வழியில்தான் போனது.

பூச்சி என்றதும் தம்பியிடம் ஒரு சந்தேகம். என் வீட்டு ஈபி மீட்டர் பெட்டிக்குள் கொசுத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. மூலையில் மெழுகுக் குழாய் மாதிரி ஒரு வாசல், வயரைச் சுற்றிக் கறுப்புப் பிசின். ரீடிங் எடுக்க வருகிறவர் மூன்று தடவை முறைத்துவிட்டுப் போனார். விடலாமா, எடுக்க வேண்டுமா?

ஜூன் 12

விடச் சொல்கிறான். கொட்டாது, சட்டியில் மாற்றுவது என்றால் அவனே வந்து மாற்றித் தருவானாம். நன்றி. சர்வருக்குத் திரும்புவோம்.

ஜூலை 6

தம்பியின் பெட்டி ஓடுகிறது, ஆனால் விநோதமான வியாதி. நாலு வரி எழுத்து போகிறது, படம் போட்டால் பாதியில் அப்படியே நிற்கிறது. டிஸ்கோர்ஸைத் திட்டினான், போனைத் திட்டினான், ராம் போதவில்லை என்று 8 ஜிபி கூட வாங்கப் போனான். நிறுத்தினேன், ஏனென்றால் எனக்கு இது முதல் வருடமே வந்தது. வந்தபோது மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட். அவன் லைன் பிபிபிஓஇ (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைகிற முறை), அது 8 எடுத்துக்கொள்ளும், மீதி 1492. வயர்கார்டு ஐபிவி6 (புது வகை முகவரி) வழியாகப் போனால் தன் உறைக்கு 80 எடுக்கும். அதனால் உள்ளே போகக்கூடியது 1412. ஆனால் வயர்கார்டு ரவுட்டருக்கு உள்ளே நடப்பதை அறியாமல் 1500-இல் 80 போக 1420 என்று வைத்துக்கொண்டது. எட்டு பைட் வித்தியாசம். சின்ன கடிதம் போகும், நிறைந்த உறை வாசலில் இடித்துக்கொண்டு நிற்கும், இடித்தது என்று திரும்பி வந்து சொல்லவும் ஆள் இல்லை. இரண்டு பக்கமும் எம்டியூ (பொட்டலத்தின் உச்ச அளவு) 1380 என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். 1412-ஏ போதும், நான் பயந்தாங்கொள்ளி.

இரவு பத்தரைக்கு ஒரு படம் வந்தது. ரப்பர் மரத்தடியில் தேன் பெட்டி, 5.2 எம்பி. முழுசாக வந்தது.

ஆகஸ்ட் 20

பேக்கப் வைத்திருக்கிறாயா என்று அவனைக் கேட்டேன். அவன் திருப்பி, "உங்களுது இருக்கா அண்ணாச்சி" என்றான். ரோஷத்தில் போய்ப் பார்த்தேன்.

தினம் இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸை எடுத்து, சுருக்கி, நாகர்கோவிலில் அக்கா வீட்டில் இருக்கிற டிஸ்க்குக்கு ரெஸ்டிக் என்ற பேக்கப் நிரல் அனுப்பும். தேதி வாரியாக வரிசையாக இருக்கின்றன. ஜூலை 28 வரை 41 எம்பி. அதற்கப்புறம் ஒவ்வொன்றும் 20 பைட்.

20 பைட் என்பது ஜிசிப் என்ற சுருக்கும் நிரல் ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் வருகிற அளவு. ஜூலை 28 அன்று டாக்கரில் (நிரல்களைத் தனித்தனி அறையில் ஓட்டும் மென்பொருள்) ஒரு கண்டெய்னருக்கு, அதாவது ஓர் அறைக்கு, பெயர் மாற்றினேன். ஸ்கிரிப்ட் பழைய பெயரைத் தேடி, கிடைக்காமல், வெறும் கையோடு ஜிசிப்பிடம் போயிருக்கிறது. ஜிசிப் அந்த வெறுங்கையை அழகாக மடித்து உறை போட்டு, வேலை முடிந்தது என்று சொல்லியிருக்கிறது. இருபத்துமூன்று நாள் அக்கா வீட்டுக்குக் காற்றை அனுப்பியிருக்கிறேன்.

ஸ்கிரிப்ட்டில் பைப்ஃபெயில் சேர்த்தாயிற்று, இனி நடுவில் ஒன்று தோற்றால் மொத்தமும் தோற்றதாகச் சொல்லும். 1 எம்பிக்குக் குறைந்தால் போனுக்குச் செய்தி வரும். மாதம் ஒரு தரம் வேறொரு கணினியில் திரும்ப விரித்தும் பார்க்கிறேன்.

செப்டம்பர் 14

தேடல் பற்றி. 'பெட்டி' என்று தேடினால் பெட்டியில், பெட்டிக்கு எல்லாம் கிடைக்கிறது, ஏனென்றால் முன்பாதி ஒன்றே. 'கூடு' என்று தேடினால் 'கூட்டில்' கிடைக்காது. நடுவில் எழுத்து மாறிவிடுகிறது. 'கூட' என்று தேடிப் பார் என்றேன். கூடு வந்தது, கூட்டில் வந்தது, 'நானும் கூட' வந்தது, 'கூடாது' வந்தது, மொத்தம் 340. அடியில் இருக்கிற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 12-ஆம் பதிப்பிலிருந்து தமிழ்ச் சொல்லின் வால் நறுக்குகிற அகராதி உண்டு, ஆனால் மேலே ஓடுகிற மென்பொருள் அதைக் கூப்பிட வேண்டும்.

இதைவிடப் பெரிய சங்கடம் குரல். விஷயம் தெரிந்த பெரியவர்கள் ஒருவரும் தட்டச்சு செய்வதில்லை. எத்தனை கோர் போட்டாலும் குரலுக்குள் தேட முடியாது. தம்பியின் தங்கை ஒவ்வொரு குரல் பதிவுக்கும் கீழே இரண்டு வரி எழுதிப் போடுகிறாள். அந்தத் தளத்தில் நடக்கிற உருப்படியான வேலை இதுதான், நான் சொன்ன எதுவும் இல்லை.

நவம்பர் 30

2017-இல் இதே தேதியில் ஒக்கி புயல். ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, கம்பங்கள் ரோட்டில். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒன்பது நாள். கடலுக்குப் போனவர்களைத் தேடி ஜனங்கள் கரையில் நின்ற நாட்களில் சர்வர் பற்றி யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தம்பி கேட்டான், அப்படி ஒன்று வந்தால் என்ன செய்ய?

ஒன்பது நாளைக்கு எந்த யூபிஎஸ்ஸும் தாங்காது, அதற்காகக் காசு போடாதே. முக்கியமான ஐம்பது பக்கத்தைப் படிக்க மட்டும் முடிகிற வெறும் பக்கங்களாக எடுத்து அந்த விபிஎஸ்ஸில் வைத்துவிடு. வீடு அணைந்தால் வாசல் அதைக் காட்டும். இப்போது அவன் அப்படித்தான் வைத்திருக்கிறான். நான் இன்னும் வைக்கவில்லை.

பிப்ரவரி 9

ரப்பர் தளிர்விட்டு, தேன் காலம் தொடங்கிவிட்டது. நேற்று இரவு அவனுடைய தளத்தில் ஒரே நேரத்தில் 31 பேர். 'பத்து தாண்டாது' என்ற மாதிரி மே மாதம் நான் பேசினேன், வாசிப்பவர்களை வைத்துத் தேனீக்காரர்களை அளந்துவிட்டேன். பெட்டி அசரவில்லை. சிபியூ 12 சதவீதம். அதே பழைய ஐ5.

1992 கதை சொன்ன பெரியவர் திரும்பவும் முழுசாகச் சொல்லிப் போட்டிருக்கிறார், பதினெட்டு நிமிடம். கீழே அந்தப் பெண் இரண்டு வரிக்குப் பதிலாக மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள்.

கொசுத்தேனீ மீட்டர் பெட்டியில்தான் இருக்கிறது. தம்பி சட்டியோடு வருகிறேன் என்று சொல்லி எட்டு மாதம் ஆகிறது.